கேள்வி தெரியாத கை

1

இந்தக் கதையில் நிஜமாக நடந்தது ஒரே ஒரு வாக்கியம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து என் சட்டையைப் பிடிக்கக் கூடாது.

1996, கார்த்திகை மாதம். கோயமுத்தூர் பீளமேட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். அங்கே முதல் மாடியில் கம்ப்யூட்டர் அறை. அந்த நாளில் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். மிஷினுக்குத் தூசி ஆகாது என்பார்கள். உள்ளே ஏ.சி. குளிர், மெல்லிய ரீங்காரம், ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் மானிட்டர்களின் நெற்றியில் அப்படியே காய்ந்திருக்கும். வெறுங்காலோடு உள்ளே போகிறவன் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வான்.

ஒரு மத்தியானம் யாரையோ தேடிக்கொண்டு அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு பெண் மட்டும் உட்கார்ந்திருந்தாள். பிரிண்டர் அப்போதுதான் கத்தி ஓய்ந்திருந்தது. அவள் திரையைப் பார்த்து, மெதுவாக, அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள்:

"ஏனுங்க, இன்னொருக்கா கேக்கறனுங்க. கோவிச்சுக்காதீங்க."

அறையில் வேறு யாரும் இல்லை. நான் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு படி இறங்கினேன் என்று சொன்னால் நம்புவீர்களா? இறங்கினேன்.

அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அதற்கு முந்தின வாரம் இயந்திரவியல் துறையிலிருந்து ஓர் அறிக்கையின் முதல் சில பக்கங்களை ஆங்கிலம் திருத்தச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தார்கள். பனிமலையில் இருக்கும் ராணுவ முகாமுக்கு எப்படிப்பட்ட பம்ப் வாங்கலாம் என்பதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்கிற அறிக்கை. முடிவு எழுதியிருக்கும் கடைசிப் பக்கங்கள் என்னிடம் வரவேயில்லை. அந்த ஒரு வாக்கியத்தையும் இந்தப் பாதி அறிக்கையையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மழைக்காலத்திலும் இந்தக் கதையை ஆரம்பிக்கிறேன்.

[முதல் தொடக்கம்: "இமயத்தின் சிகரங்களில் பனிக்காற்று ஊளையிட்டுக்கொண்டு" — வேண்டாம். நான் ஊட்டிக்கு மேல் குளிர் பார்த்தவன் இல்லை.

இரண்டாம் தொடக்கம்: "கோமளா அழகிய கண்களை உடைய" — என் மனைவி மெஹராஜ் இந்த வரியைப் படித்துவிட்டு, "ஏங்க, அழகா இல்லாத பொம்பளைக்கு உங்க கதைல எடமே கெடையாதுங்களா?" என்று கேட்டாள். அடித்துவிட்டேன்.]

பெயர் மட்டும் மிஞ்சியது. கோமளா.

2

கோயமுத்தூர்க்காரனுக்குப் பம்பைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பகுதி கொஞ்சம் பாடம் மாதிரி இருக்கும், ஆனால் இதைத் தாண்டாமல் கதைக்குள் போக வழியில்லை.

வடக்கே ஒரு மலை. உச்சியில் ஒரு காவல் முகாம். எட்டுப் பேர். அங்கே குளிர்காலம் முழுக்க உயிர் என்பது மண்ணெண்ணெய் அடுப்புதான். அதுதான் கூடாரத்தைச் சூடாக்கும், அதில்தான் பனியை உருக்கித் தண்ணீர் குடிக்க வேண்டும். கீழே கிடங்கு இருக்கிறது. அங்கிருந்து குழாய் வழியாக மண்ணெண்ணெயை மேலே தள்ள ஒரு பம்ப் வேண்டும். அந்தப் பம்பைப் பாதி வழியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். இடையில் பனிப்பிளவுகள். மேலே பார்த்தால் வெள்ளைத் தரை, கீழே பாதாளம்.

எப்படிப்பட்ட பம்ப் வேண்டும் என்று வாங்குகிறவர்கள் எழுதுகிற பட்டியலுக்கு இங்கே பட்டறைகளில் 'ஸ்பெக்' என்று பெயர். எடை குறைவாக இருக்க வேண்டும், எந்தக் குளிரிலும் நிற்கக் கூடாது, எண்ணெய் அதிகம் குடிக்கக் கூடாது, விலையும் கட்டுப்படியாக வேண்டும். பம்ப் பட்டறை முதலாளி வரதராஜுலு அதைப் படித்துவிட்டுக் கோமளாவைப் பார்த்துச் சிரித்தார்.

"மாப்பிள்ளைக்குக் கேக்கற மாதரயே கேக்கறாங்க அம்மணி. ஒசரமும் வேணும், சொத்தும் வேணும், மாமியாரு மட்டும் இருக்கப்படாதுங்கறாங்க."

எல்லாம் ஒரே பம்பில் கிடைக்காது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். கடைசியில் இரண்டு வழி மிஞ்சியது.

லேசான பம்ப்: இரண்டு பேர் சுலபமாகத் தூக்கிப்போய் வைத்துவிடலாம். கடுங்குளிரில் அடிக்கடி நின்றுபோகும். நின்றால், ஆட்கள் முறைவைத்துக் கீழே இறங்கி, கேன்களில் எண்ணெய் சுமந்துகொண்டு பனியில் ஏற வேண்டும்.

கனமான பம்ப்: தன்னைத் தானே சூடுபடுத்திக்கொள்ளும், நிற்கவே நிற்காது. ஒருமுறை வைத்துவிட்டால் குளிர்காலம் முடியும்வரை யாரும் வெளியே இறங்க வேண்டாம். ஆனால் அந்த ஒருமுறை நாலு பேர் அதைத் தூக்கிக்கொண்டு பிளவுகளைத் தாண்ட வேண்டும். அவர்களுக்கு முன்னால் ஒருவன் தனியாகப் போய், தரை தாங்குமா என்று மிதித்துப் பார்க்க வேண்டும்.

எதை வாங்குவது? நிஜ ஆட்களை அனுப்பிப் பார்க்க முடியாது. அதனால் கம்ப்யூட்டருக்குள் ஒரு மலை, எட்டு ஆட்கள், குளிர்காலம். ஒரு குளிர்காலம் முடிய மூன்று நிமிடம். மறுபடி, மறுபடி ஓட்டலாம். இதற்கு சிமுலேஷன் என்று பெயர். ஆராய்ச்சிக்குச் செலவு வரதராஜுலுவுடையது. ஸ்பெக்கில் எந்த வரி வந்தாலும் அந்தப் பம்பைச் செய்துகொடுக்க அவரிடம் ஆளும் உலையும் இருந்தன. புரோகிராம் எழுதியவள் கோமளா, இயந்திரவியல் துறை விரிவுரையாளர்.

வரதராஜுலுவுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எதற்கும் பூக் கேட்பார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் இலையில் ஒரே மாதிரி கட்டி அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் இது, சிவப்பு வந்தால் அது. புது லேத் மிஷின் வாங்குவதும் மகள் கல்யாணமும் அப்படித்தான் முடிவானது.

"ரெண்டே ரெண்டு கட்டுப்பாடுதானுங்க அம்மணி," என்றார் அவர் கோமளாவிடம். "எடுக்கற கைக்குக் கேள்வி என்னன்னு தெரியப்படாது. கேட்டா ஒருக்காத்தான் கேக்கோணும். உங்க மிசினு ஒரே கேள்விய ஆயரம் தடவ கேக்குதே, அதுக்குச் சலிப்பு வராதுங்களா?"

கோமளா சிரித்தாள். அப்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: கோட்டைமேட்டில் பிறந்து வளர்ந்த அப்துல் குத்தூஸ் ஆகிய எனக்குப் பூக் கேட்கும் வழக்கம் கிடையாது. கல்லூரி அலுவலகத்தில் இருந்த பங்காரம்மா ஒருநாள் டீ குடித்துக்கொண்டே விளக்கமாகச் சொன்னார். தப்பு இருந்தால் என் காது காரணம், அவர் வாய் இல்லை.)

3

கம்ப்யூட்டருக்கு 'யாராவது' என்ற ஆள் கிடையாது. இதுதான் கோமளா மாட்டிக்கொண்ட இடம்.

நிஜ முகாமில் மேலதிகாரி, "யாராவது ஒருத்தன் முன்னால் போங்கடா" என்பார். ஒருவன் எழுந்து போவான். கம்ப்யூட்டரிடம் அப்படிச் சொன்னால் முழிக்கும். எட்டுப் பேரில் யார், எந்தக் கணக்கில் என்று கேட்கும். அதனால் ஒவ்வொருவனுக்கும் எடை, மூச்சு, தூக்கும் பலம் என்று எண்கள் கொடுத்ததோடு, 'முன்வருதல்' என்று இன்னொரு எண்ணும் கொடுத்தாள். கேட்டவுடன் எழுகிறவனுக்கு அதிகம், தரையைப் பார்க்கிறவனுக்குக் குறைவு.

எட்டுப் பேருக்கும் எண்கள் எங்கிருந்து வரும்? ஏழு பேருக்கு எப்படியோ இட்டு நிரப்பிவிட்டாள். கடைசியாக மிஞ்சிய நாலாவது ஆளுக்கு வந்தபோது அறைக் கதவு திறந்து, வெறுங்காலோடு தனபால் உள்ளே வந்தான்.

தனபால் அவளுடைய தம்பி. தாராபுரத்துக்குப் பக்கத்தில் வீடு, தோட்டம், அமராவதி வாய்க்கால் தண்ணீர். தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். லீவில் வந்தவன் அக்காவைப் பார்க்கக் கல்லூரிக்கே வந்துவிட்டான்.

"நல்லதாப் போச்சு. இப்படி உக்காரு கண்ணு. எத்தன கிலோ இருக்கற? மூச்ச எத்தன நேரம் புடிப்ப?"

"எதுக்குங்க்கா இதெல்லாம்?"

"ஒரு கணக்குக்குடா."

அவன் சொல்லச் சொல்ல அவள் தட்டிக்கொண்டே வந்தாள். நாலாவது ஆளுக்குத் தனபாலின் எடை வந்தது, தனபாலின் மூச்சு வந்தது. அப்போது கரண்ட் போனது. கீழேயிருந்து பேட்டரி தூக்கி வர வேண்டும். வாசலில் யாரோ, "ஏனுங்க, யாராச்சும் ஒரு ஆளு..." என்று ஆரம்பித்தார். அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

"நான் போறனுங்க," என்று தனபால் எழுந்து போய்விட்டான்.

அவனுக்கு அந்தக் கல்லூரியில் ஒருவரையும் தெரியாது. அவன் எப்போதும் அப்படித்தான். விருந்தாளி வந்து சர்க்கரை தீர்ந்தால் அவன், கிணற்றில் ஆடு விழுந்தால் அவன், கல்யாண வீட்டில் அடுப்புக்கு விறகு பிளக்க ஆள் இல்லையென்றால் சட்டையைக் கழற்றுகிறவன் அவன். அம்மா திட்டிப் பார்த்துவிட்டாள், பயனில்லை. கரண்ட் வந்ததும் கோமளா நாலாவது ஆளின் 'முன்வருதல்' கட்டத்தில் முழு மதிப்பெண் போட்டாள். அவள் அதைப் பாசத்தில் செய்தாள், கொஞ்சம் பெருமையிலும்.

தனபால் திரையை எட்டிப் பார்த்தான். "அப்ப நானும் கணக்குல வந்துட்டனாக்கா?"

"வந்துட்ட."

"வர்ற பனிக்கு எங்க பேட்ச்சத்தான் மேல ஏத்தறாங்க. புதுசா என்னமோ பம்பு சோதனைக்கு வருதாமா. அதயும் நாங்கதேன் தூக்கோணுமாட்ட இருக்குது." சிரித்தான். "இதச் சொல்லத்தேன் வந்தேன். அம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்க."

[நாலாம் பகுதி இங்கே வர வேண்டும். எழுதினேன், ஆனால் இந்த இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. கடைசியில் வைத்திருக்கிறேன். குழம்ப வேண்டாம், நேராக ஐந்துக்கு வாருங்கள்.]

5

லேசான பம்பை வைத்து ஓட்டினாள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் இரண்டு பேர், சில சமயம் மூன்று பேர் திரும்பவில்லை. எண்ணெய் சுமக்கப் போய் விழுந்தவர்கள், விறைத்தவர்கள். ஒருமுறை இரண்டும் ஏழும், மறுமுறை ஒன்றும் ஐந்தும் எட்டும். முறைவைத்துப் போனதால் சாவும் முறைவைத்து வந்தது. நாலாவது ஆள் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டான்.

கனமான பம்பை வைத்து ஓட்டினாள். நிறையக் குளிர்காலங்களில் எட்டுப் பேரும் முழுசாகத் திரும்பினார்கள். திரும்பாத குளிர்காலங்களில் குறைந்தவன் ஒரே ஒருவன். பிளவைத் தாண்டும்போது முன்னால் போனவன். பிரிண்டர் அந்த எண்ணை மட்டும் அடித்தது. 4. தாள் நகர்ந்தது. 4. தாள் நகர்ந்தது. 4.

யார் பார்த்தாலும் கனமான பம்ப்தான் சரி. அதில் சாவு குறைவு. அதை அறிக்கையில் ஒரே வரியில் எழுதிவிடலாம்.

கோமளா அந்த வரியை எழுதவில்லை. தம்பியின் எண்களை அழித்தாள். எட்டுப் பேரையும் ஒரே எடை, ஒரே மூச்சு, ஒரே 'முன்வருதல்' உள்ளவர்களாக ஆக்கினாள். இனி யார் முன்னால் போவது என்பது வெறும் குலுக்கல். யார் எண்ணும் வரலாம். ஓட்டினாள்.

4.

ஒருமுறை வருவதில் அதிசயம் இல்லை. மறுபடி ஓட்டினாள். 4. வெளியே பிள்ளைகள் சாப்பாட்டுக்கு ஓடுகிற சத்தம் கேட்டது. அறை ரொம்பக் குளிர்ந்துவிட்டதாக அவளுக்குப் பட்டது. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பாதம் விறைத்தது. கண்ணாடிக் கதவில் உள்பக்கமாக ஆவி படிந்திருந்தது. அந்த அறையில் மூச்சு விட அவள் ஒருத்திதான் இருந்தாள், கதவோ பத்தடி தள்ளி இருந்தது.

(இன்னோர் அடிக்குறிப்பு: இதற்கு விளக்கம் உண்டு. கம்ப்யூட்டரில் குலுக்கலை ஆரம்பிக்க ஓர் எண் கொடுக்க வேண்டும். அதை மாற்றாமல் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் அதே குலுக்கல் அதே வரிசையில் வரும் என்று கணிப்பொறிப் பையன் ஒருவன் எனக்குச் சொன்னான். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கோமளா அந்த எண்ணை மாற்றினாளா என்று கேட்டான். என் கதையில் அவள் மாற்றினாள். நான் ஏன் அப்படி எழுதினேன் என்று தெரியவில்லை.)

மூன்றாம் முறைக்கு முன்னால் அவள் கையைக் கட்டிக்கொண்டு, குங்குமம் காய்ந்த அந்தத் திரையைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏனுங்க, இன்னொருக்கா கேக்கறனுங்க. கோவிச்சுக்காதீங்க."

இந்த இடத்தில்தான் நான் கதவைத் திறந்தேன்.

6

மெஹராஜ் இதுவரை படித்துவிட்டுத் தாளை என் மேல் போட்டாள்.

"அந்தப் புள்ளயக் கொன்னுராதீங்க. சொல்லிட்டேன்."

"நான் கொல்லல. கம்ப்யூட்டர்தான்..."

"கம்ப்யூட்டர எழுதுனது யாருங்க?"

நியாயம்தான். எனக்கும் அவனைச் சாகவிட மனசில்லை. இரண்டு மழைக்காலமாக என் மேஜையைச் சுற்றி வந்தவன். ஆகவே நானும் கோமளா மாதிரி ஓட்டிப் பார்த்தேன்.

முதல் முடிவு: கோமளா நேர்மையாகக் கனமான பம்ப் என்று எழுதுகிறாள். தனபால் மலைக்குப் போகிறான். "தனபால் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பிளவின்" — இதோடு நிறுத்திவிட்டேன்.

இரண்டாம் முடிவு: கோமளா பொய் சொல்லி லேசான பம்ப் என்று எழுதுகிறாள். அவளுக்கு இது சுலபமில்லை. இரண்டு, ஏழு, ஐந்து என்று வெறும் எண்களாக நிற்கிறவர்களுக்கும் ஊரில் அக்காக்கள் இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதட்டும் என்று எழுதவைத்தேன். மலையில் பம்ப் நின்றது. அன்று கேன் சுமக்கும் முறை தனபாலுடையது இல்லை, காய்ச்சலில் கிடந்த இன்னொருவனுடையது. "அவன் எழுந்திருக்க முயன்றான்" என்று எழுதி முடிப்பதற்குள், "நீ படு, நான் போறேன்" என்ற அடுத்த வரி தாளில் இருந்தது. என் கையெழுத்துதான். அப்படி எழுத நான் நினைக்கவில்லை.

மூன்றாம் முடிவு: எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவிநாசி ரோட்டில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழவைத்து அவன் காலை உடைத்தேன். எப்படிப் போகிறான் பார்க்கலாம். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு படுத்திருந்தான். பக்கத்து வார்டில் ஒரு பிரசவம், நர்ஸ் வந்து, "யாராச்சும் ரத்தம் குடுப்பீங்களா" என்று கேட்டாள். ஒற்றைக் காலில் எழுந்து நின்றான். படுபாவி.

தாள்களை அடுக்கி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். பட்டப்பகல்தான், தெருவில் ஆட்டோ போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. நான் உண்டாக்கிய ஆள் எனக்கு முன்னால் எழுந்து போகிறான், நான் பின்னாலேயே எழுதிக்கொண்டு ஓடுகிறேன்.

"எழுந்திரிக்கறவனா எழுதிப்போட்டு இப்ப உக்காருன்னா எப்படிங்க உக்காருவான்?" என்றாள் மெஹராஜ். "கொஞ்சம் சுயநலக்காரனா மாத்திருங்க."

மாற்றிப் பார்த்தேன். அவன் சுயநலக்காரன் என்றால் கோமளா நாலாவது கட்டத்தில் முழு மதிப்பெண் போட்டிருக்க மாட்டாள். போட்டிருக்காவிட்டால் அந்த மத்தியானம் அவள் திரையிடம் கெஞ்சியிருக்க மாட்டாள். அந்த ஒரு வாக்கியம்தான் இந்தக் கதையில் நிஜம். அதை நான் காதால் கேட்டேன். எதை வேண்டுமானாலும் அழிக்கலாம், அதை அழிக்க எனக்கு உரிமை இல்லை.

7

வரதராஜுலு அறிக்கையைக் கேட்டு வந்தார். கோமளா உண்மையைச் சொன்னாள். எட்டுப் பேர், இரண்டு பம்ப், தம்பி, எல்லாம். அவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வேற யாராச்சும் எழுதட்டுமுங்க சார். என்னால முடியல. கனம்னு எழுதுனா என்ற தம்பிய நானே அனுப்பற மாதர. லேசுன்னு எழுதுனா ஊரான் புள்ளைங்கள அனுப்பற மாதர."

"வேற ஆளு எழுதுனாலும் கனம்னுதான் எழுதுவாங்க அம்மணி."

"தெரியுமுங்க."

அவர் தனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னார். "ஆத்தாகிட்டக் கேட்டுப்போடலாமுங்க. எது வருதோ அதயே எழுதுங்க. அப்பறம் அந்தப் பாரம் உங்களுது இல்லீங்க."

பொறியியல் படித்த ஒருத்தி இதற்கு ஒத்துக்கொள்வாளா என்று நீங்கள் கேட்கலாம். நானும் சந்தேகப்பட்டேன். ஆனால் அவள் ஏற்கெனவே கையைக் கட்டிக்கொண்டு ஒரு திரையிடம் கேட்டவள். அதோடு, எனக்கும் இது வசதியாக இருந்தது. அவளும் முடிவெடுக்க வேண்டாம், நானும் எடுக்க வேண்டாம். பூ எடுத்துக்கொள்ளட்டும். தாவிப் பிடித்துக்கொண்டேன்.

4

பட்டறைக்குப் பின்னால் சின்ன மாரியம்மன் கோயில். வெள்ளிக்கிழமை காலை. லேத்களை நிறுத்தியிருந்தார்கள், அதனால் வேப்பமரத்துக் காக்கைகளின் சத்தம் பெரிதாகக் கேட்டது. வரதராஜுலு, கோமளா, பூசாரி. ஓரமாக, அறிக்கைக்கு ஆங்கிலம் திருத்தியவன் என்ற சாக்கில், நான். தனபாலும் வந்திருந்தான். அன்று சாயங்காலம் அவனுக்கு ரயில். அக்காவிடம் சொல்லிக்கொண்டு போக வந்தவனை, கோயில் வாசலில் பையோடு சும்மா நிற்கத்தான் நான் எழுதினேன். அவனுக்கு எதற்காகப் பூக் கேட்கிறார்கள் என்று தெரியாது. பட்டறை விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

வரதராஜுலு அம்மன் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். "வெள்ளை வந்தா கனம், செவப்பு வந்தா லேசு, தாயே." பூசாரி காதிலும் அது விழுந்தது. வெள்ளை அரளி ஓர் இலையில், செவ்வரளி ஓர் இலையில். நூல் சுற்றி, பொட்டலங்களைக் குலுக்கி, காலடியில் போட்டார் பூசாரி. பொட்டலம் கட்டும்போது நான் வேண்டுமென்றே காக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதில் எது என்று எனக்குத் தெரியாது.

"கேள்வி தெரியாத கை ஒண்ணு வேணுமுங்களே," என்றார் பூசாரி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வழக்கமாக ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். பூக்காரியின் மகளை நான் எழுதி வைத்திருந்தேன். பள்ளிக்கூட நேரம், போய்விட்டாள். மறுபடி அவளை வரவழைத்தேன், லீவு விட்டேன், பாவாடையைப் பிடித்துக்கொண்டு படியேறவும் வைத்தேன். எந்தப் பிரதியிலும் அவள் வந்து சேர்வதற்குள் அது நடந்துவிடுகிறது. வரதராஜுலுவுக்குக் கேள்வி தெரியும். கோமளாவுக்குத் தெரியும். பூசாரிக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அந்தக் கோயிலில் கேள்வி தெரியாத கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"யாராச்சும்..." என்று பூசாரி மறுபடி ஆரம்பித்தார்.

தனபால் பையைக் கீழே வைத்தான்.

"நான் எடுக்கறனுங்க."

கோமளாவின் முகத்தை நான் எழுதப் போவதில்லை. அவள் வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று சொன்னால் அவன் என்ன சொல்வான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இவ்வளவு தூரம் வந்த உங்களுக்கும் தெரியும். "எட்டுப் பேருல ஒருத்தன்தானுங்க்கா. கனமானதே எழுதுங்க. முன்னால நான் போறேன்." சொன்னால் நிச்சயமாகப் போய்விடுவான். சொல்லாவிட்டால் பாதிக்குப் பாதி. அவள் வாயை மூடிக்கொண்டாள். அவனைக் காப்பாற்ற அவளிடம் இருந்தது அந்த மௌனம் ஒன்றுதான். அந்த மௌனம்தான் அவன் கையைப் பொட்டலத்தை நோக்கி அனுப்பியது. எனக்கு அவளைப் பார்க்க நெஞ்சு வலித்தது. நான் உண்டாக்கியவள்தான், இருந்தாலும் வலித்தது.

இந்த மாதிரிக் கதைகளில் இந்த இடம் வரும்போது எழுதுகிறவன், முடிவு உங்கள் கையில் என்று சொல்லி நழுவுவான். நானும் அப்படித்தான் திட்டம் போட்டிருந்தேன். ஆனால் உங்களுக்குக் கேள்வி தெரிந்துவிட்டது. நான்தான் பக்கம் பக்கமாகச் சொல்லிவிட்டேன். உங்கள் கை இனி உதவாது. மெஹராஜின் கையும் உதவாது. இந்தக் கதையைப் படிக்காத ஒருவர் வந்து எடுக்க வேண்டும். படிக்காதவரை எப்படிக் கூப்பிடுவது?

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதை இரண்டாம் முறை படிக்காதீர்கள். நீங்கள் முதல் வரிக்குத் திரும்பினால் அவள் திரும்பவும் அந்தக் குளிர் அறையில் உட்காருவாள், தாள் நகரும், பை கீழே இறங்கும், அவன் எழுவான். ஒருமுறைதான் கேட்கலாம்.

அவன் இப்போது அம்மனுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருக்கிறான். கை இரண்டு பொட்டலங்களுக்கும் மேலே, ஒரு சாண் உயரத்தில். இதற்கு மேல் நான் எழுதவில்லை. பேனாவை மூடி, மேஜையின் அந்தக் கோடியில் தள்ளிவைத்துவிட்டேன்.

அவன் திரும்பிப் பார்க்கிறான். அக்காவைப் பார்க்கவில்லை, பூசாரியைப் பார்க்கவில்லை. என்னையும் தாண்டி, நீங்கள் இருக்கிற பக்கம் பார்க்கிறான். எப்போதும் போல அந்தச் சிரிப்பு.

"எத எடுக்கட்டுமுங்க?"